இடைவெளியும் அயலானும்: ஊரடங்குக் காலச் சென்னை கற்பிப்பன

1. சிக்கல்

கோவிட் கொள்ளைநோய் பரவிய 2020, 2021-ஆம் ஆண்டுகளைப் பற்றித் திருச்சபைகளில் பேச்சு எழும்போது ஒரு கூற்று தவறாமல் இடம்பெறுகின்றது. அரசு விலகி நிற்கச் சொல்லியது, மக்கள் கேட்கவில்லை, ஆகவே நோய் பரவியது என்பதே அக்கூற்று. அங்காடியில் முண்டியடித்த கூட்டம், மனிதனின் கீழ்ப்படியாமைக்கு எடுத்துக்காட்டாக அருளுரைகளிலும் காட்டப்படுவதுண்டு.

இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் வெவ்வேறு காரணங்களால் எழுந்த செயல்களை ஒரே சொல்லில் அடக்கிவிடும்போது தீர்ப்பு எளிதாகின்றது. ஆனால் நீதி தவறுகின்றது. எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மருந்து கொடுக்கும் வைத்தியனை நாம் நம்புவதில்லை. ஆன்மப் பணி ஆற்றுவோரும் அவ்வாறே மீறலின் வகைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். சென்னை மாநகரில் நடந்தவற்றை ஆதாரமாகக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இடைவெளி ஏன் தேவையாயிற்று?

கோவிட் நோயின் நச்சுயிரி பெரும்பாலும் மூச்சின் வழியே பரவுவது. இருமும்போதும் பேசும்போதும் பாடும்போதும் வாயினின்றும் மூக்கினின்றும் நீர்த்திவலைகள் வெளிப்படுகின்றன. அவற்றுள் பெரியவை ஓரிரு மீட்டர் தொலைவுக்குள் கீழே விழுந்துவிடும். மிக நுண்ணியவையோ அடைபட்ட அறையின் காற்றில் நெடுநேரம் மிதந்து நிற்கும். மேலும், இந்நோய் கண்டவர் தமக்கு அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே அதைப் பிறருக்குப் பரப்பக்கூடியவர். நோயாளியை மட்டும் ஒதுக்கி வைக்கும் பழைய முறை இதனால் போதாததாயிற்று. நலமாயிருப்பவரும் ஒருவரையொருவர் விலகி நிற்க வேண்டியதாயிற்று. குறைந்தது 1 மீட்டர் என்று உலகச் சுகாதார நிறுவனமும், 6 அடி என்று இந்திய அரசும் வரையறுத்தன.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு 2020 மார்ச் 10-ஆம் நாள் பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஒன்றாகப் பாடினர். ஆய்வில் உறுதி செய்யப்பட்டோரையும் அறிகுறிகளால் அறியப்பட்டோரையும் சேர்த்து 53 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். அந்நாளில் அங்கு ஊரடங்கு இல்லை. அவர்கள் எச்சட்டத்தையும் மீறவில்லை. நோய்க்கிருமி மனிதரின் நோக்கத்தைப் பார்ப்பதில்லை என்பதற்கு இது போதிய சான்று. ஆனால் மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முன்வருவோர் நோக்கத்தையும் நிலைமையையும் பார்த்தே ஆக வேண்டும்.

3. சொல்லில் உள்ள முள்

'சமூக இடைவெளி' என்னும் தொடர் அந்நாள்களில் எல்லாருடைய வாயிலும் வழங்கியது. 2020 மார்ச் 20-ஆம் நாளிலேயே உலகச் சுகாதார நிறுவனத்தார், உடலளவில் விலகி நிற்றல் என்று கூறுவதே பொருத்தம் என அறிவித்தனர். உடல்கள் விலகியிருக்க, உறவுகள் விலகாதிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

நம் நாட்டில் இத்திருத்தம் இன்னும் ஆழமான பொருளுடையது. சமூகத்தில் இடைவெளி என்பது இங்கே நோயுடன் வந்த புதுமையன்று. ஊரும் சேரியும், தனிக் கிணறும் தனிக் குவளையும், கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினைச் சுவரும் கண்ட மண் இது. விலக்கப்பட்டு வாழ்ந்தோரின் காதில் 'விலகி நில்' என்னும் கட்டளை எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். லேவியராகமம் 13-ஆம் அதிகாரம் நோயாளியைப் பாளயத்துக்குப் புறம்பே இருக்கச் சொல்கின்றது. அவ்விதி உடல்நலம் காப்பதற்குப் பயன்பட்டதோடு, காலப்போக்கில் மனிதரைத் தீண்டத்தகாதாராக்கவும் பயன்பட்டது. காக்கும் இடைவெளி ஒன்று. கழிக்கும் இடைவெளி வேறொன்று.

இவ்விரண்டையும் குழப்பியதன் விளைவைச் சென்னை 2020 ஏப்ரல் 19-ஆம் நாள் இரவு கண்டது. கோவிட் நோயால் இறந்த கிறிஸ்தவ மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் தடுத்தது. உடலைக் கொண்டுசென்ற வண்டி கல்லாலும் கட்டையாலும் தாக்கப்பட்டது. உடன் சென்றோர் காயமடைந்தனர். இறுதியில் அவருடைய நண்பரான மற்றொரு மருத்துவர் காவலர் துணையுடன் நள்ளிரவில் அடக்கத்தை முடிக்க வேண்டியதாயிற்று. இறந்தவரிடமிருந்து விலகியிருக்க வேண்டும் என்று கூறியவர்கள், தங்களுக்குள் எவ்வித இடைவெளியுமின்றித் தோளோடு தோள் உரசி நின்றனர். அங்கு இருந்தது நோய்த் தடுப்பன்று, அச்சத்தின் விலக்கலே. இவ்வாறு அடக்கத்தைத் தடுப்போர்க்குச் சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் ஒன்றைத் தமிழக அரசு அம்மாதமே பிறப்பித்தது.

4. சென்னையில் நடந்தது என்ன?

2020 மார்ச் 24-ஆம் நாள் மாலை 6 மணி முதல் தமிழகத்தில் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் நாடு முழுமைக்கும் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். நள்ளிரவே அது தொடங்கிற்று. இதற்கு முந்திய இரவில் கோயம்பேடு பேருந்து நிலையத்தில் பல்லாயிரவர் திரண்டிருந்தனர். நகரத்தில் வேலையின்றி அடைபட்டுக் கிடப்பதினும் சொந்த ஊர் போய்ச் சேர்வதே நலம் என்று எண்ணியவர்கள் அவர்கள்.

அடுத்து, ஏப்ரல் 24-ஆம் நாள் வேறோர் அறிவிப்பு வந்தது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்றும், காய்கறி, மளிகைக் கடைகளும் திறவா என்றும் கூறப்பட்டது. இடையில் எஞ்சியது ஒரே நாள். ஏப்ரல் 25-ஆம் நாள் காலையில் மாநகரின் கடைத்தெருக்கள் நிரம்பி வழிந்தன. கோயம்பேட்டு அங்காடியில் கால் வைக்க இடமில்லை. நோய்ப் பரவலைக் குறைக்கும் பொருட்டு விதிக்கப்பட்ட ஊரடங்கே, அதற்கு முந்திய நாளில் பெருங்கூட்டத்தைக் கூட்டிவிட்டது.

கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் இடம்பெயர்ந்த கோயம்பேடு அங்காடி ஏறத்தாழ 295 ஏக்கர் பரப்பில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகளைக் கொண்டது. மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்த சுமைதூக்குவோர் அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி வேலை செய்தனர். ஊரடங்கிலும் நகரத்திற்கு உணவளிக்க அது இயங்கியாக வேண்டியிருந்தது. அங்காடியை வேறிடத்திற்கு மாற்ற வணிகர்கள் இணங்கவில்லை என்று அரசு பின்னர் கூறிற்று. மே 5-ஆம் நாள் அங்காடி மூடப்பட்டது. அதற்குள் நோய் ஊன்றிவிட்டது. மூடப்பட்ட அங்காடியினின்று சுமைத்தொழிலாளர் சரக்கு வண்டிகளிலும் கிடைத்த ஊர்திகளிலும் அரியலூர், கடலூர், விழுப்புரம், பெரம்பலூர் முதலிய மாவட்டங்களுக்குத் திரும்பினர். அவர்களோடு நோயும் சென்றது. கோயம்பேட்டின் வழியாகத் தொற்றியோர் தொகை சில வாரங்களில் 2,000-ஐக் கடந்தது.

இதற்கு மாறான காட்சியும் அதே காலத்தில் உண்டு. அரிசி பெறும் குடும்ப அட்டையினருக்கு ஏப்ரல் மாதம் 1,000 ரூபாயும் இலவசப் பொருள்களும் வழங்கப்பட்டன. நாளும் நேரமும் குறித்த சீட்டுகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டு, அச்சீட்டின்படி வருமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். தரையில் வட்டமிட்டு நிற்க வைத்த இடங்களில் மக்கள் வட்டத்துக்குள் நின்றனர். முண்டியடித்தவர்களும் வட்டத்துக்குள் நின்றவர்களும் வெவ்வேறு இனத்தார் அல்லர். நாளைக்கும் பொருள் கிடைக்கும் என்ற உறுதி ஓரிடத்தில் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை. வேறுபாடு அதுவே.

5. மீறல் மூவகை

மேற்கண்ட நிகழ்ச்சிகளைச் சீர்தூக்கிப் பார்த்தால், இடைவெளி காவாமை மூவகைப்படும் என்பது புலனாகும்.

முதலாவது, இயலாமையால் நேர்வது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சென்னை மாநகராட்சியில் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 13 லட்சம் பேர். அதாவது நகர மக்களில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேல். ஒற்றை அறையில் ஐவர் அறுவர் வாழும் வீடு, பல குடும்பங்களுக்கு ஒரு கழிப்பிடம், தெருக் குழாயிலும் தண்ணீர் லாரியிலும் குடம் நிரப்ப நிற்கும் வரிசை ஆகியவற்றுள் 6 அடி இடைவெளிக்கு எங்கே இடம்? 2020-இன் முதல் அலையில் சென்னையில் நெடுநாள் மிகுதியாகத் தாக்குண்டது, நெருக்கமான வடசென்னைத் தெருக்களைக் கொண்ட இராயபுரம் மண்டலம் என்பதில் வியப்பில்லை. இடைவெளி என்பது இடம் உடையவனுக்கே கைகூடும். இல்லாத ஒன்றைக் கடைப்பிடிக்கவில்லை என்று ஒருவனைக் குற்றப்படுத்தல் அறமாகாது.

இரண்டாவது, அச்சத்தாலும் தேவையாலும் நேர்வது. ஏப்ரல் 25-ஆம் நாள் கூட்டம் இவ்வகையது. நாள்கூலி பெறுபவன் நான்கு நாள் உணவை ஒரே நாளில் வாங்கிச் சேர்க்கும் கட்டாயத்துக்கு உள்ளானான். சமாரியா முற்றுகையிடப்பட்டபோது நகர வாயிலுக்கு வெளியே விலக்கி வைக்கப்பட்டிருந்த நான்கு குஷ்டரோகிகளின் வரலாறு ஈண்டு நினைவுகூரத்தக்கது (2 இராஜாக்கள் 7:3-9). இருந்தாலும் சாவு, போனாலும் சாவு என்று கணக்கிட்டு, அவர்கள் தங்களுக்கு விதிக்கப்பட்ட இடத்தைவிட்டு எழுந்து எதிரியின் பாளயத்துக்குள்ளேயே சென்றனர். பசியின் கணக்கு அத்தகையது. திருமறை அவர்களைக் கண்டிக்கவில்லை. நகரம் பிழைத்த நற்செய்தி அவர்கள் வாயிலாகவே நகரத்துக்கு வந்தது.

மூன்றாவது, துணிகரத்தால் நேர்வது. விலகி நிற்க இடமும் உண்டு, வசதியும் உண்டு, அறிவும் உண்டு. ஆயினும் 'எனக்கு ஒன்றும் வராது' என்று கூட்டம் கூட்டுவோரின் செயல் இது. வீட்டில் உணவிருந்தும் பொழுதுபோக்கிற்காகத் தெருவில் திரிந்தோரும், விருந்துகளை மறைவாக நடத்தினோரும், இறைவன் தம்மைத் தனிப்படக் காப்பார் என்று கூறி அயலானின் உயிரைப் பொருட்படுத்தாதோரும் இவ்வகையினர். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி வந்த சோதனையை ஆண்டவர் மறுத்தது இத்துணிகரத்தையே மறுத்ததாகும் (மத்தேயு 4:5-7, உபாகமம் 6:16). இறைவனின் காவலை நம்புதல் வேறு, அக்காவலைச் சோதித்துப் பார்த்தல் வேறு.

முதல் இருவகையினர் மேல் மூன்றாம் வகையினரின் குற்றத்தைச் சுமத்தும்போது பெருந்தீங்கு விளைகின்றது. 2020 ஜூன் 19-ஆம் நாள் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், கடையைக் குறித்த நேரத்துக்குப் பின்னும் திறந்து வைத்திருந்தனர் என்ற குற்றச்சாட்டின்பேரில் தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கொடிய அடிக்கு ஆளாகி, சிறையில் அடைக்கப்பட்ட அவ்விருவரும் சில நாள்களுக்குள் இறந்தனர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 'மீறியவன்' என்ற ஒற்றைச் சொல் ஒரு மனிதனின் மேல் ஒட்டப்பட்டபின், அவனுக்கு எதையும் செய்யலாம் என்ற எண்ணம் எவ்வளவு எளிதில் எழுகின்றது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. அச்சொல்லைப் பலிபீடத்தின் அருகினின்று நாமும் வழங்குவோமானால், அவ்வெண்ணத்துக்கு நாமும் துணைநின்றவர்களாவோம்.

6. வரலாறு காட்டும் வழி

மூன்றாம் வகை மீறலைக் கண்டித்தும், அயலானைக் கைவிடாமலும் நிற்பது எவ்வாறு என்பதற்குத் திருச்சபை வரலாற்றில் இரு எடுத்துக்காட்டுகள் உள்ளன.

1527-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் தோன்றியது. பல்கலைக்கழகம் யேனா நகருக்கு மாற்றப்பட்டது. மார்ட்டின் லூத்தரும் போதகர் புகன்ஹாகனும் நகரிலேயே தங்கினர். கொள்ளைநோயினின்று கிறிஸ்தவன் ஓடிப்போகலாமா என்று பிரெஸ்லாவு நகரப் போதகர்கள் கேட்டிருந்த வினாவுக்கு லூத்தர் அக்காலத்தில் விடை எழுதினார். அவ்விடையில் இருபக்கத் தவறுகளையும் அவர் எடுத்துக்காட்டுகின்றார். பிறருக்குக் கடமைப்பட்டவர்கள் அவர்களைக் கைவிட்டு ஓடுவது ஒரு தவறு. மருந்தை இகழ்ந்து, நோயுள்ள இடங்களையும் ஆள்களையும் விலகாமல், அதையே விசுவாசம் என்று பெருமை பாராட்டுவது மற்றொரு தவறு. அது கடவுளைச் சோதிப்பதாகும் என்கின்றார். தம்மைப் பொறுத்தவரை, தேவையில்லாத இடத்துக்குப் போகாமலிருப்பதும், அயலானுக்குத் தேவை நேர்ந்தால் தயங்காமல் போவதுமே அவர் கொண்ட முறை. தேவை உண்டா இல்லையா என்பதே அவருடைய அளவுகோல். இவ்வளவுகோல் மேற்சொன்ன மூவகையையும் வேறுபடுத்த இன்றும் உதவும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியிலுள்ள ஈயம் என்னும் சிற்றூர். 1665-இல் அவ்வூரில் கொள்ளைநோய் புகுந்தது. ஊர்க் குரு வில்லியம் மாம்பெசனும், அவருக்கு முன் அங்குப் பணியாற்றி அரசச் சட்டத்தால் விலக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்லியும் கொள்கையில் மாறுபட்டவர்கள். எனினும் 1666-இல் இருவரும் இணைந்து ஊராரை இணங்கச் செய்தனர். நோய் அடுத்த ஊர்களுக்குப் பரவாதபடி ஊர் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. ஆராதனை கோவிலினின்று திறந்த பள்ளத்தாக்குக்கு மாற்றப்பட்டது. குடும்பங்கள் விலகி நின்று வழிபட்டன. ஊரார் பலர் மாண்டனர். மாம்பெசனின் மனைவியும் மாண்டார்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பலர் ஒரு செய்தியை விட்டுவிடுகின்றனர். ஈயம் ஊரார் பட்டினி கிடந்து இடைவெளி காக்கவில்லை. டெவன்ஷயர் பிரபுவும் அக்கம்பக்கத்து ஊராரும் எல்லைக்கல்லருகே உணவு கொண்டுவந்து வைத்தனர். உள்ளிருந்தோரின் தியாகமும் வெளியிருந்தோரின் ஈகையும் சேர்ந்தபோதுதான் அந்த இடைவெளி நிலைத்தது. ஒருவன் விலகி நிற்க வேண்டுமானால், மற்றொருவன் அவனுக்கு உணவு கொண்டுவர வேண்டும்.

7. நம்மைப் பற்றிய வினா

அங்காடியை நோக்கிக் கைநீட்டுமுன் நாம் நம்மையும் நோக்குதல் முறை. 2021 ஏப்ரல் மாதம், இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்த வேளையில், தென்னிந்தியத் திருச்சபையின் தென்கேரளத் திருமண்டலம் மூணாறில் குருமாருக்கான தியானக் கூட்டத்தை நடத்தியது. நூற்றுக்கணக்கான குருமார் பல நாள் கூடியிருந்தனர். அவர்களுள் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். நோய்த்தடுப்பு விதிகள் மீறப்பட்டன என்று காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. இறந்தோரை நாம் துக்கத்தோடே நினைக்கின்றோம். அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் அக்கூட்டத்தை அந்நாள்களில் தள்ளிவைத்திருக்க இயலாதா என்ற வினா எழாமலிராது. கோயம்பேட்டுச் சுமைத்தொழிலாளிக்கு அன்றைய கூலியைத் தள்ளிவைக்க வழியில்லை. நமக்குப் பெரும்பாலும் வழியுண்டு. மூன்றாம் வகை மீறலுக்கு ஆளாகக்கூடியவர்கள் குடிசையினரினும் நாமே என்பது கசப்பான முடிவாயினும் மறுக்கத்தக்கதன்று.

8. முடிவுரை

எண்ணாகமம் 12-ஆம் அதிகாரத்தில் மிரியாம் ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே தனித்திருக்கின்றாள். அந்த ஏழு நாளும் மக்கள் பயணம் செய்யவில்லை. அவள் திரும்பச் சேர்க்கப்படும்வரை காத்திருந்தனர் (12:14-15). விலக்கப்பட்டவளுக்காகச் சமுதாயம் முழுவதும் நின்றது. காக்கும் இடைவெளிக்கும் கழிக்கும் இடைவெளிக்கும் உள்ள வேறுபாடு இதில் விளங்கும்.

ஆகவே இடைவெளி என்பது தனிமனிதனின் கீழ்ப்படிதலை அளக்கும் கோல் மட்டுமன்று. அது ஒரு சமுதாயம் தன் மக்களுக்குப் பங்கிட்டுத் தர வேண்டிய பொருள். வீட்டில் இடம், குழாயில் நீர், நாளைக்கு உணவு, முன்கூட்டிய தெளிவான அறிவிப்பு ஆகிய இந்நான்கும் தரப்பட்ட இடத்தில் மீறுவோனைக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். இவை தரப்படாத இடத்தில் கண்டனம் வேறு திசையில் செல்ல வேண்டும்.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை யாரும் கூற முடியாது. அதற்கு முன்னரே நம் சேகரங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. சேகரத்தின் எல்லைக்குள் ஒற்றை அறையில் வாழும் குடும்பங்கள் எவை, தனித்து வாழும் முதியோர் யாவர், நாள்கூலியை நம்பியோர் எத்தனை பேர் என்பதைச் சபைப் பாகுபாடின்றிக் கணக்கெடுத்து வைக்கலாம். ஆலயக் கூடமும் பள்ளிக் கட்டடமும் தனித்திருக்க இடமில்லாதோருக்கு இடமாகுமா என்று சேகரக் குழு முன்கூட்டியே தீர்மானிக்கலாம். எந்நோயால் இறந்தவராயினும் அவருக்கு நம் கல்லறைத் தோட்டம் மூடப்படாது என்று வெளிப்படையாக அறிவிக்கலாம். ஆராதனைக்குக் கூடுவதை எப்போது நிறுத்துவது, யார் அதை முடிவு செய்வது என்பதையும் அமைதியான காலத்திலேயே பேசி முடிக்கலாம்.

இவற்றைச் செய்துவிட்டு, அதன்பின் மக்களின் கீழ்ப்படியாமையைக் குறித்து அருளுரை ஆற்றுவோமாக.